ஆமிக்குப் பூசை செய்த ஐயர்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று சொல்வார்கள். சோமையரின் கதை அதற்கு நேர்மாறு. பூசாரி வீட்டில் பிறந்து, பூசாரியாகவே வளர்ந்து, எழுபதை எட்டிப் பிடிக்கிற வயதில், ஒரு மூலஸ்தானத்துக்குள் கால் வைக்க வரம் கேட்டு அவர் பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் நின்றார். சாமி ஒன்றும் தடை சொல்லவில்லை. தடை சொன்னவர் கமலராணி.

கோயில் என்றால் கோபுரமும் வீதியும் நினைத்துவிட வேண்டாம். முன்பு துணிக்கடையாக இருந்த இடம் அது. பக்கத்தில் ஒரு கைபேசிக் கடை, மறுபக்கத்தில் முடி வெட்டுகிறவர். ஷட்டரைத் தூக்கினால் பிள்ளையார் இருப்பார். அந்தக் கோயிலுக்குத் தலைவர் அரியரத்தினம், தெருமுனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். ஆனால் தலைவர் கையெழுத்துப் போடுகிறவர் மட்டும்தான். மாலை கட்டுவது, மோதகம் அவிப்பது, திருவிழாவுக்கு ஆள் சேர்ப்பது, வராதவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து ஏன் வரவில்லை என்று கேட்பது எல்லாம் கமலராணி. அவர் ஒரு சொல் சொன்னால் அந்தக் கோயிலில் பெண்கள் அத்தனை பேரும் அந்தச் சொல்லின் பக்கம் நிற்பார்கள். பெண்கள் வராத கோயிலுக்கு ஆண்கள் ஏன் வரப்போகிறார்கள்.

கோயிலில் இருந்த இளம் ஐயருக்கு விசா முடிந்து ஊருக்குப் போகவேண்டி வந்தது. அப்போதுதான் அரியரத்தினம் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"ஊரிலை இருந்து ஆள் எடுக்கிறதெண்டால் அந்த அலுவல் முடிய வருசம் போகும், அக்கா. எங்கடை கடையிலையே ஒரு ஐயர் நிக்கிறார். முறையாய்ப் படிச்ச மனுசன். கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறார், பாவம்."

கமலராணி மாலை கட்டுகிற கையை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

"ஆமிக்குப் பூசை செய்த கை என்ரை பிள்ளையாரைத் தொட வேண்டாம், தம்பி. அவர் உள்ளுக்கை போற அண்டைக்கு நான் வெளியிலை போவன்."

பேச்சு அதோடு முடிந்தது. புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து வேறொரு ஐயர் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்து போவது என்று ஏற்பாடாயிற்று. மற்ற நாட்களில் அரியரத்தினமே ஒரு விளக்கைக் கொளுத்திவிட்டுக் கடைக்கு ஓடினார். சோமையரிடம் வந்து, "கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்றார்.

"பொறுக்கிறதுதானே தம்பி என்ரை தொழில்" என்றார் சோமையர். சொல்லிவிட்டு அடுத்த சட்டியை எடுத்துத் தேய்த்தார். அது ஆட்டிறைச்சிச் சட்டி.

இறைச்சி என்ற சொல்லையே வீட்டுக்குள் சொல்லாத குடும்பத்தில் பிறந்தவர் அவர். லா ஷப்பலுக்கு வந்த புதிதில், முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மூச்சை அடக்கிக் கழுவினார். இப்போது மூச்சு அடக்குவதில்லை. மூச்சை அடக்க நெஞ்சில் பலம் இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. லா கூர்னெவில் அவருடைய அறைக்குப் போகிற லிஃப்ட் ஒரு நாள் வேலை செய்தால் ஒன்பது நாள் செய்யாது. வேலை முடிந்து ஆர்.ஈ.ஆர் ரயிலில் நின்றுகொண்டே கண்ணயர்ந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுத் திரும்பி வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. களைப்பு என்பது நித்திரை கொண்டால் போய்விடுகிற ஒன்று என்று இளம் ஆட்கள் நினைக்கிறார்கள். சோமையருடையது அந்த வகை அல்ல.

அவருக்குப் பெரிய ஆசைகள் இல்லை. பிள்ளையாருக்கு முன்னால் நின்று, அர்ச்சனையில் சில பெயர்களைச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அவர் கேட்டது. எந்தப் பெயர்கள் என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. அதற்குத்தான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

தொண்ணூற்றைந்தில் அரசாங்கப் படையான ஆமி வலிகாமத்துக்குள் வர, சோமையரின் ஊரான குரும்பவளவு முழுவதும் மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த சித்திரையில் சனம் திரும்பி வந்து பார்த்தால், ஊர்ப் பிள்ளையார் கோயில் முட்கம்பிக்கு உள்ளே இருந்தது, ஊர் வெளியே இருந்தது. மடப்பள்ளியில் ஆமிக்காரர் சமைத்தார்கள். தேர்முட்டியில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் போட்டிருந்தார்கள். சனத்துக்கு உள்ளே போக அனுமதி இல்லை.

ஒரு நாள் அந்த முகாமின் மேஜர் ஆள் அனுப்பிச் சோமையரைக் கூப்பிட்டார். பூசை இல்லாத கோயிலில் படுக்கத் தன் பெடியன்களுக்குப் பயமாக இருக்கிறதாம், கெட்ட கனவு வருகிறதாம், வெள்ளிக்கிழமைகளில் வந்து பூசை செய்ய வேண்டுமாம். மேஜரின் சிங்களத்தை மொழிபெயர்த்தவன் இதைச் சொல்லும்போது சிரித்தான். மாட்டேன் என்றால் என்ன நடக்கும் என்று சோமையர் கேட்கவில்லை. கேட்கிற காலமா அது. விளக்கு எரிந்தால் போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மனைவியிடமும் அதையே சொன்னார். ஆமி அரிசியும் பருப்பும் கொடுத்துவிட்ட அன்று மனைவி, "இதை நான் அடுப்பிலை வைக்கமாட்டன்" என்றார். அதை அப்படியே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குப் படைத்தார் சோமையர். படைத்ததை ஆமிக்காரரே சாப்பிட்டார்கள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது பழமொழி. மத்தளத்துக்காவது இடிக்கிறவன் ஒருவன்தான். ஒரு பக்கம் மேஜர், "ஐயா வராவிட்டால் இந்தக் கட்டடம் எனக்கு எதற்கு, புல்டோசர் இருக்கிறது" என்றார். மறு பக்கம், சந்தைக்குப் போகிற வழியில் இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர் அவருடைய சைக்கிளை மறித்து, "ஐயா, இனி உள்ளுக்கை போனால் வெளியிலை வர யோசியுங்கோ" என்றார்கள். இரண்டு பேருக்கும் அவர் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை வந்ததும் பூத்தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு என்று ஊரில் அவருக்குப் பெயர் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

பெயர் வந்ததற்குக் காரணமும் இருந்தது. ஆமிக்காரர் தேங்காய் உடைத்தார்கள், திருநீறு பூசினார்கள், கையில் நூல் கட்டச் சொல்லி வரிசையில் நின்றார்கள். கேட்ட எல்லாருக்கும் சோமையர் கட்டினார். மஞ்சள் பூசிய நூல், மூன்று சுற்று, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு. ஊர்ப் பிள்ளைகளுக்கு அம்மை வந்தாலும் பள்ளிக்கூடச் சோதனை வந்தாலும் அவர் அப்படித்தான் கட்டுவார். வேறு மாதிரிக் கட்ட அவருடைய விரலுக்குத் தெரியாது.

ஆடி மாதத்தில் ஒரு சுற்றிவளைப்பு நடந்தது. கமலராணியின் மகன் கலைமாறனை வாசலில் வைத்துப் பிடித்தார்கள். இருபது வயது. ஒரே பிள்ளை. தகப்பன் இல்லை. பிள்ளையை விடச் சொல்லித் தாய் ஆமிக்காரனின் கையைப் பிடித்துத் தொங்கியபோது, அந்தக் கையில் மஞ்சள் நூல் இருந்தது. மூன்று சுற்று, முடிச்சின் மேல் முடிச்சு. அதே முடிச்சு மகனின் கையிலும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்த தாய் அவர். அதற்குப் பிறகு அந்த ஐயரை அவர் மன்னித்திருந்தால்தான் அதிசயம்.

முகாம் வாசலில் நாள் முழுக்க நின்ற தாய்மாரோடு கமலராணியும் நின்றார். வெள்ளிக்கிழமை சோமையர் தட்டத்தோடு வந்தபோது, அவரைக் கும்பிட்டார்.

"ஐயா, நீங்கள் உள்ளுக்கை போறியள்தானே. என்ரை பிள்ளை அங்கை நிக்கிறானோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

சோமையர் பார்த்தார். மடப்பள்ளிப் பக்கம் பார்த்தார், கிணற்றடிப் பக்கம் பார்த்தார், கடைசியில் மேஜரிடமே கேட்டார். அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்று மேஜர் சொன்னார். சொல்லும்போது அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். சோமையர் வெளியே வந்து, "இல்லையாம், அம்மா" என்றார். கமலராணி நிலத்தில் துப்பினார். அதற்குப் பிறகு அவர் சோமையரோடு பேசவில்லை.

அந்த 'இல்லையாம்' சோமையரின் வாயிலேயே தங்கிவிட்டது. ஒரு கிழமை அதை மென்றுகொண்டு திரிந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மேஜர் தன் ஆட்களின் பேரில் அர்ச்சனை செய்யச் சொன்னார்.

அர்ச்சனை என்றால் பெயரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது விலாசம் எழுதாமல் அனுப்பிய பொதி மாதிரி, எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. ஊர்ப் பிள்ளைகளின் நட்சத்திரங்கள் சோமையருக்கு மனப்பாடம். முதற்சோறு தீத்தினவரும் அவர், ஏடு தொடக்கினவரும் அவர். ஆமிக்காரர் தலை குனிந்து நிற்க, சோமையர் மணியைப் பலமாக அடித்துக்கொண்டு வாய்க்குள் சொன்னார்: அனுஷ நட்சத்திரே ஜாதஸ்ய, கலைமாற நாமதேயஸ்ய.

அனுஷத்தில் பிறந்த, கலைமாறன் என்ற பெயருடைய பிள்ளைக்கு. யாருக்கும் விளங்கவில்லை. மேஜர் தட்டில் பூவை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். அடுத்த வெள்ளியும் சோமையர் அதே பெயரைச் சொன்னார். பிடிபட்ட மற்றப் பிள்ளைகளின் பெயர்களும் வரிசையில் வந்து சேர்ந்தன. பெயர்கள் கூடிக்கொண்டு போயினவே தவிரக் குறையவில்லை. ஆமியின் தேங்காய், ஆமியின் பூ, ஆமியின் கற்பூரம், பலன் மட்டும் பிள்ளைகளுக்கு. அதில் அவருக்கு ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. பயந்த மனிதனுக்குக் கிடைக்கிற சந்தோஷம் அவ்வளவுதானே.

அந்தச் சந்தோஷத்துக்கும் முடிவு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்த பிறகு, சமிந்த என்ற ஆமிப் பெடியன் தனியாக வந்தான். காவலில் நிற்கிறவன், சோமையரின் தட்டத்தைச் சோதிக்கும்போது மட்டும் சப்பாத்தைக் கழற்றுகிறவன். கையில் ஒரு தேங்காய். வன்னிக்குச் சண்டைக்கு அனுப்புகிறார்களாம். அம்மா கணதெய்யோவுக்கு, அதாவது பிள்ளையாருக்கு, ஒரு பூசை வைக்கச் சொன்னாராம். உடைந்த தமிழில், "என் பேர் சொல்லுங்க ஐயா, சமிந்த" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

சோமையர் தேங்காயை உடைத்தார். மணியை அடித்தார். வழக்கம்போலக் கலைமாறனின் பெயரைச் சொன்னார், மற்றவர்களின் பெயர்களைச் சொன்னார், முடித்தார். பெடியன் நிலத்தில் விழுந்து கும்பிட்டு, கையை நீட்டி நூலும் கட்டிக்கொண்டு போனான். சில கிழமைக்குப் பிறகு காவலில் வேறொருவன் நின்றான். சமிந்த எங்கே என்று கேட்டதற்கு அவன் கையை விரித்து, "சமிந்த இல்லை ஐயா" என்றான்.

அர்ச்சனை செய்திருந்தால் பெடியன் பிழைத்திருப்பான் என்று சோமையர் நம்பவில்லை. அப்படி நம்புகிறவராக இருந்தால், கலைமாறன் எப்போதோ வீடு வந்திருக்க வேண்டுமே. ஆனாலும் களவு களவுதான். மேஜரிடம் எடுத்தது வேறு, தாய் சொல்லிவிட்டாள் என்று தேங்காயோடு வந்தவனிடம் எடுத்தது வேறு. அன்றிலிருந்து வரிசையின் கடைசியில் அவனுடைய பெயரையும் சொல்லத் தொடங்கினார்.

பிறகு மனைவி காய்ச்சலில் போனார். சைக்கிளை மறித்தவர்கள் இரண்டாம் முறையும் மறித்தார்கள். வளவை விற்று ஏஜென்சிக்காரன் பின்னால் அலைந்து, ஐந்தாறு நாடு சுற்றி, ஒரு குளிர்காலத்தில் சோமையர் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினார். ஆனால் அவர் பற்றிய கதை அவருக்கு முதலே வந்து இறங்கியிருந்தது. லா ஷப்பலில் அப்படித்தான். ஆளுக்குத்தான் விசா வேண்டும், கதைக்கு வேண்டாம். எந்தக் கோயிலில் கேட்டாலும், "பாப்பம் ஐயா" என்றார்கள். கமலராணியும் சில வருடத்தில் தங்கையின் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். பிறகு 'பாப்பம்' என்று சொல்லவும் ஆள் இல்லை.

நடந்ததைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொல்ல நினைத்த நாட்களும் இருந்தன. மூலஸ்தானம் கிடைப்பதற்காகச் சொன்னால் அந்தப் பெயர்களை விற்றது போல ஆகிவிடும் என்று நினைத்தார். கலைமாறனைச் சொன்னால் சமிந்தவையும் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தார். நினைத்து நினைத்தே வருடங்கள் போயின. அவர் வெள்ளிக்கிழமைகளில் கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு சட்டி தேய்த்தார். பிள்ளையாரும் இல்லை, பூவும் இல்லை. சவர்க்கார நுரைதான்.

"ஐயா, வாய்க்குள்ளை சொல்லுறதாய் நினைச்சுக்கொண்டு நீங்கள் ஊருக்கே சொல்லுறியள்" என்று சமையல்காரர் மடுத்தீன் ஒரு நாள் சிரித்தார். மடுத்தீன் மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், செபமாலையைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கறி கிளறுகிறவர். "எங்கடை பிரார்த்தனை மாதிரியே இருக்கு. ஆற்றை பேர் ஐயா அதெல்லாம்?"

"தெரிஞ்ச பிள்ளையள்" என்றார் சோமையர். காது மந்தமாகிவிட்டது அவருக்குத் தெரியும். தன் குரல் தடித்துவிட்டது தெரியாது.

கார்த்திகையில் ரயில்காரர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓல்னே ஐயர் தொலைபேசி எடுத்து, ரயில் ஒன்றும் ஓடவில்லை, பஸ்சில் ஏறவும் முடியவில்லை என்று சொல்லிவிட்டார். அரியரத்தினம் சமையலறைக்கு ஓடி வந்தார்.

"ஐயா, குளிச்சுப்போட்டு வாங்கோ. மேலை என்ரை வீட்டிலை தண்ணி சுடுது. இண்டைக்கு மட்டும்."

"அவ?" என்று கேட்டார் சோமையர்.

"கமலராணி அக்காவுக்குக் கால் வருத்தம், இந்தக் குளிருக்கை வரமாட்டா. பிள்ளையார் பட்டினி கிடக்கிறார் ஐயா."

மேஜரும் முன்பு பூசை இல்லை என்றுதான் கூப்பிட்டார் என்று சோமையருக்கு நினைவு வந்தது. கையுறையைக் கழற்றினார்.

குளித்து, வேட்டி கட்டி, ஷட்டருக்குள் போய், சாமிக்கு முன்னால் நிற்கும்போது தனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. முழங்கால் மட்டும் வலித்தது. வந்திருந்த நாலைந்து பேருக்குத் தீபம் காட்டி, திருநீறு கொடுத்து அனுப்பினார். ஷட்டரை இறக்கலாம் என்று அரியரத்தினம் எழும்பிய நேரத்தில், குடையை ஊன்றிக்கொண்டு கமலராணி வந்தார்.

அன்று அனுஷம். அரியரத்தினம் அதை மறந்துவிட்டார். மாதாமாதம் மகனின் நட்சத்திரத்தில் அர்ச்சனை செய்யாமல் கமலராணி ஒரு மாதமும் விட்டதில்லை. மகன் இருக்கிறான் என்பதற்கு அவரிடம் வேறு அத்தாட்சி இல்லை. அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தானே செய்வது.

வாசலில் நின்று உள்ளே யார் நிற்கிறார் என்று பார்த்தார். திரும்பிப் போக ஒரு அடி வைத்தார். வேறு ஐயர் இல்லை, வேறு கோயிலுக்குப் போக ரயில் இல்லை, பொழுதுபட்டால் நட்சத்திரமும் போய்விடும். திரும்பவும் உள்ளே வந்து, தட்டத்தைச் சோமையரின் கையில் கொடுக்காமல் படியில் வைத்தார்.

"சாமி பேருக்குச் செய்யுங்கோ" என்றார்.

மகனின் பெயரை அந்த வாயில் போட அவருக்கு மனம் வரவில்லை. அது சோமையருக்கு விளங்கியது. கோபம் வரவில்லை, நியாயம்தான் என்று பட்டது. தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாமி பேருக்கு என்று நினைத்துக்கொண்டுதான் பூவை எடுத்தார். ஆனால் நாக்கு யார் பேச்சைக் கேட்கிறது. வெள்ளிக்கிழமை, பூ, மணி, முன்னால் பிள்ளையார். அது பழகின வழியில் போனது.

"அனுஷ நட்சத்திரே ஜாதஸ்ய, கலைமாற நாமதேயஸ்ய" என்றார் சோமையர். வாய்க்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். கதவடியில் நின்ற அரியரத்தினத்துக்கும் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். குரும்பவளவில் பிள்ளையைத் தொலைத்த வீடுகள் ஒவ்வொன்றாக வந்தன. கமலராணிக்கு அத்தனை வீடும் தெரியும். கடைசியில் நட்சத்திரம் எதுவும் இல்லாமல், "சமிந்த நாமதேயஸ்ய" என்று சொல்லி முடித்துப் பூவைப் போட்டார்.

திரும்பிப் பார்த்தபோது கமலராணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் பேர் சொல்லேல்லையே ஐயா."

சோமையருக்கு அப்போதுதான் என்ன நடந்தது என்று விளங்கியது. மறைக்கவும் களைப்பாக இருந்தது.

"பழக்கத்திலை வந்திட்டுது அம்மா. நான் 'இல்லையாம்' எண்டு சொன்னதுக்கு அடுத்த வெள்ளியிலை இருந்து சொல்லுறனான். ஆமிக்காரன் தங்களுக்கு அர்ச்சனை செய்யச் சொல்லுவான். நான் மணியை அடிச்சுக்கொண்டு இந்தப் பிள்ளையளைச் சொல்லுவன். இஞ்சை வந்தும் சொல்லுறன், கோப்பை கழுவேக்கை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் பிள்ளை வந்திடுவானோ? ஒண்டும் நடக்கேல்லையே அம்மா. என்னெண்டு வந்து சொல்லுறது?"

கமலராணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"கடைசியாச் சொன்னது ஆர்?"

இங்கே சோமையர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சாமியின் பெயர்களில் ஒன்று என்று சொன்னால் போதும், அன்று பின்னேரமே மூலஸ்தானம் அவருக்குக் கிடைத்திருக்கும். கதவடியில் நின்ற அரியரத்தினம் சொல்லாதேயுங்கோ என்று தலையை ஆட்டினார்.

"ஆமிப் பெடியன்" என்றார் சோமையர். "சண்டைக்குப் போகமுன்னம் தேங்காய் கொண்டுவந்து தன்ரை பேரைச் சொல்லச் சொன்னவன். நான் உங்கடை பிள்ளையின்ரை பேரைச் சொன்னனான். அவன் போய்ச் செத்துப்போனான்."

"செத்தவனுக்கு அர்ச்சனை செய்யிறதோ?"

"அவன் உயிரோடை இருக்கேக்கை கேட்டது அம்மா. நான்தான் செய்யேல்லை."

"அவன்ரை கையிலை நூல் இருந்ததோ?"

"இருந்தது. நான்தான் கட்டினனான்."

"அவனோ என்ரை பிள்ளையைப் பிடிச்சது?"

"தெரியாது அம்மா. கேட்ட எல்லாருக்கும் கட்டினனான். அவனாயும் இருக்கலாம்."

கமலராணி படியில் உட்கார்ந்தார். கால் வலித்ததோ என்னவோ, முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். வெளியே தெருவில் யாரோ பிரெஞ்சில் சத்தமாகச் சண்டை பிடித்துக்கொண்டு போனார்கள். இனி எழுந்து போய்விடுவார், நாளைக்கு லா ஷப்பல் முழுக்கத் தெரியும், கோப்பை கழுவுகிற வேலையும் மிஞ்சாது என்று சோமையர் நினைத்தார். நினைத்தபோது பயமாக இல்லை. உட்கார வேண்டும் போல் மட்டும் இருந்தது.

"அவனுக்கு நட்சத்திரம் சொல்லேல்லையே நீங்கள்" என்றார் கமலராணி.

"தெரியாது. அவங்கடை சனத்துக்கும் நட்சத்திரம் இருக்கு, பார்க்கிறவங்கள்தான். அண்டைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் கேக்கேல்லை."

"அப்ப இவ்வளவு காலமும் அவனுக்கு ஒண்டும் போய்ச் சேர்ந்திராது."

"சேர்ந்திராது அம்மா."

செத்தவன் ஒருவனின் பெயரோடு தன் பிள்ளையின் நட்சத்திரத்தைச் சேர்க்க எந்தத் தாயும் துணியமாட்டாள். வாய் தவறிச் சொன்னாலும் நாக்கைக் கடித்துக்கொள்வாள். அதுவும் கமலராணி, அனுஷம் தவறாமல் பிள்ளையை உயிரோடு வைத்திருந்தவர். குடையை ஊன்றி எழும்பி, படியில் இருந்த தட்டத்தைத் தூக்கினார். அதில் இன்னும் கொஞ்சம் பூ மிச்சம் இருந்தது. இந்த முறை அதைச் சோமையரின் கையில் கொடுத்தார்.

"அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாதானே. அவனையும் அனுஷம் எண்டு சொல்லுங்கோ, ஐயா" என்றார்.